காமாலை தீர்ந்த பிறகு

1984 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றே கால் மணி. நமது தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்தின் இரண்டாம் ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒரு பெண், வரிசையில் இருந்த அனைவருக்கும் கேட்கும்படி என்னிடம் சொன்னார்: "எனக்குக் காமாலை இல்லீங்க. வந்ததே இல்ல."

அவர் நீட்டிய மருத்துவச் சான்றில் காமாலை என்றுதான் இருந்தது. அதற்கு முன் கொண்டுவந்தவற்றிலும் அதே பெயர். அவற்றின் பேரில் நோய்க்காலப் பணத்தை வாரந்தோறும் இதே ஜன்னல் வழியே அவருக்குக் கொடுத்து வந்தவள் நான்.

வரும் ஜூலையில் இந்த நாற்காலியை விட்டு, தமிழிலக்கிய ஆய்வு மாணவியாகப் புறப்படுகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் ஏதாவது எழுதிவைத்துவிட்டுப் போகும்படி மேலாளர் கேட்டார். விதிகளை எழுதத் தேவையில்லை. அவை அச்சிலேயே இருக்கின்றன. ஜன்னலுக்கு வெளியிலிருந்து விதிகளில் இல்லாத ஒரு வாக்கியம் வந்து விழும்போது உள்ளே இருப்பவர் என்ன செய்வது என்பதை மட்டும், நான் மிகவும் மதிக்கும் ஒரு பெண்ணை முன்வைத்துச் சொல்ல முயல்கிறேன்.

அவர் பெயர் செசிலி. ஊருக்கு மேற்கே உள்ள நூற்பாலையில், நூல் சுற்றும் பகுதியில் நிரந்தரப் பணி. வயது முப்பதைத் தாண்டியிருந்தது. மாதா கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவில் தாயுடன் வசித்தார். அவருடைய சம்பளத்தைத் தவிர அந்த வீட்டுக்கு வேறு வரும்படி கிடையாது. அதுவரை அவரைப் பற்றி நான் கவனித்திருந்தது ஒன்றே ஒன்று: கையெழுத்து இடுவதற்கு முன் பேனாவைச் சிறிது நேரம் பிடித்துக்கொண்டு, தன் பெயரை யாரோ சொல்லித்தர வேண்டும் என்பதுபோல் நிற்பார்.

காமாலை எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் காமாலை மரியாதையான நோய். அது யாருக்கும் வரலாம். வந்தவரை யாரும் ஏன் வந்தது என்று கேட்பதில்லை. கேள்விப்படும் ஒவ்வொருவரிடமும் ஒரு வைத்தியம் இருக்கும். ஆகவே பெயர் சொல்ல இயலாத நோய் ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டால், அதைக் காமாலை என்று சொல்லிவிடுவது இங்கே பல குடும்பங்களின் வழக்கம். செசிலியின் தாயும் அதைத்தான் செய்தார். நம் காப்பீட்டு மருந்தகத்து மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டு, மகளுக்கு மனநோய் என்று எழுதினால் ஆலையில் இயந்திரத்தின் பக்கமே விடமாட்டார்கள் என்று அழுதார். மருத்துவர் இளகிவிட்டார்.

பொய்க்கும் பத்தியம் உண்டு என்பதை அந்தத் தாய் எதிர்பார்த்திருக்கவில்லை. அண்டை வீடுகளிலிருந்து காலையும் மாலையும் அரைத்த கீழாநெல்லி வந்தது. மீன்காரப் பெண் அந்த வாசலில் கூடையை இறக்க மறுத்தார். காமாலை வீட்டில் மீன் சமைத்த பழி தனக்கு வேண்டாம் என்றார். உப்பும் எண்ணெயும் குறைந்த சோற்றைத் தாயும் மகளும் வாரக்கணக்கில் தின்றார்கள். இதைப் பின்னாளில் என்னிடம் விவரித்தபோது செசிலி முதன்முறையாகச் சிரித்தார். "நோவு எனக்கு, பத்தியம் எங்கம்மாவுக்கும் சேத்து" என்றார்.

சிரிக்க முடியாத பகுதி வேறு. காமாலைக்கு ஒரு முடிவு உண்டு. இத்தனை வாரம் ஓய்வு, பிறகு வேலை என்று எல்லா மருத்துவர்களுக்கும் தெரியும். அந்தச் செவ்வாய்க்கிழமை செசிலி கொண்டுவந்தது இறுதிச் சான்று. வரும் திங்கள் முதல் முழு வேலைக்குத் தகுதி என்று அதில் எழுதியிருந்தது. இல்லாத நோய் குறித்த காலத்தில் குணமாகிவிட்டது. இருந்த நோய் அப்படியே இருந்தது.

"திங்கக்கெழம போகணுமாம்" என்றார். "காமாலைக்கு அதான் கணக்கு. என் நோவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரலங்க."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "அப்ப இத்தன நாளும் சும்மா குந்திக்கிட்டுப் பணம் வாங்கினியாம்மா?" என்றார். இரண்டொருவர் சிரித்தார்கள்.

உங்களுக்கும் இப்படி ஒரு கணம் வரும். என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. இரண்டும் விதிக்கு உட்பட்டவையே. அவர் சொன்னதை வாக்குமூலமாக எழுதி வாங்கியிருக்கலாம். பொய்ச் சான்று என்ற விசாரணை தொடங்கியிருக்கும், ஆலை அதைக் காரணமாக்கி அவர் பெயரை நீக்கியிருக்கும். அல்லது காதில் விழாததுபோல் முத்திரையைக் குத்தியிருக்கலாம்; திங்கட்கிழமை அவர் ஆலைக்குப் போய் வேலை செய்ய முடியாமல் நின்றிருப்பார், அல்லது போகாமலே இருந்திருப்பார். இரண்டின் முடிவிலும் அவருக்கு வேலை இல்லை. நான் ஜன்னல் கதவைச் சாத்தினேன். பக்கக் கதவைத் திறந்து அவரை உள்ளே அழைத்து, என் மேசைக்கு அருகில் உட்காரவைத்தேன். வெளியே முணுமுணுப்பு எழுந்தது. காத்திருப்பவர்களுக்கு அன்று என்மேல் ஏற்பட்ட கோபம் நியாயமானதே.

ஏன் இப்படி ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அவரிடம் எல்லோரும் கேட்டிருந்தார்கள்: காதல் தோல்வியா, கடனா, யாராவது செய்வினை வைத்துவிட்டார்களா என்று. தாய் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டிருந்தார்; அடுத்த வீட்டு அம்மாள் அம்பகரத்தூர் காளியிடம் அழைத்துப் போயிருந்தார். செசிலி இரண்டு இடங்களுக்கும் மறுக்காமல் போய்வந்திருந்தார். காலையில் எழுந்ததும் என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

சொன்னார். "கண்ணு முழிச்ச ஒடனே நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சிடும். என்னமோ தப்பு பண்ணிட்ட மாதிரி. என்னா தப்புன்னு தேடுவேன், கெடைக்காது. மில்லுக்குப் போனா, நூலு அறுந்தா முடிச்சுப் போடணும் பாருங்க, போட்ட முடிச்சையே திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு நிப்பேன். அடுத்ததுல அறுந்து போயிருக்கும். பிறவு ஒரு நாளு மில்லு கேட்டுக்கிட்ட போயி காலு உள்ள போவல. திரும்பி வந்துட்டேன். யாருகிட்டயும் சொல்லல. மறுநாளும் அப்படியே." பிறகு, "ஒன்னுமே நடக்கலீங்க. எனக்கு ஒரு கொறையும் இல்ல. அதாங்க சொல்ல முடியல" என்றார்.

மனநிலை குறித்து நான் பாடமாகப் படித்திருந்த வருணனைகள் எவற்றிலும் இவ்வளவு துல்லியத்தை நான் கண்டதில்லை. ஒரு சொல்லையும் அவர் மிகைப்படுத்தவில்லை.

மேலாளர் அறைக்குள் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா, நாம பணம் குடுத்த நாள்ல அந்தப் பொண்ணு வேலை செய்யக்கூடிய நெலமையில இருந்திச்சா?"

"இல்லை சார்."

"நாம குடுக்குறது வேலை செய்ய முடியாததுக்கு. நோய் பேருக்கு இல்ல. பேரு தப்புன்னா திருத்த வேண்டியது எழுதினவர். அவர்கிட்ட கேளுங்க. இங்க யாரும் இன்னிக்கு ஒன்னும் எழுதி வாங்க வேண்டாம்."

இவ்வளவுதான் அவர் சொன்னது. இந்தச் சில வாக்கியங்களில் உள்ள தெளிவை நான் இன்னும் வியக்கிறேன். அவர் விதியை வளைக்கவில்லை. அது எதற்காக இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தார்.

மருத்துவருக்கு அலுவலக உதவியாளர் மூலம் செய்தி அனுப்பினோம். மறுப்பார் என்றுதான் நினைத்தேன்; திருத்தினால் அகப்படப் போகிறவர் அவர். அன்று பிற்பகலிலேயே தாமே வந்தார். "மருந்தச் சரியாக் குடுத்தேன், பேரத் தப்பா எழுதினேன். என் தப்பு என் கையெழுத்துலயே இருக்கட்டும்" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு, முந்தைய குறிப்பு பிழை என்றும், நோயாளிக்கு இருப்பது மனச்சோர்வும் பதற்றமும் என்றும், பணிக்கு இன்னும் தகுதியில்லை என்றும் எழுதித் தந்தார். பிறகு மேலிடத்திலிருந்து அவரிடம் விளக்கம் கேட்டார்கள். விளக்கத்திலும் அவர் வேறு கதை எதுவும் சொல்லவில்லை என்று அறிந்தேன்.

செசிலியைப் புதுச்சேரிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தாயும் மகளும் விடியற்காலைப் பேருந்தில் எல்லையிலுள்ள பூவம் தாண்டிப் போய் இரவில் திரும்புவார்கள். அங்கே தந்த மாத்திரைகள் சில வாரங்களில் வேலை செய்யத் தொடங்கின. கையெழுத்திடுமுன் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பது குறைந்தது. ஒருநாள் அவராகவே சொன்னார்: அங்குள்ள மருத்துவர், இனி வேலைக்குப் போகலாம், ஆனால் ஒரேயடியாக வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொள்ளுங்கள் என்றாராம்.

கொஞ்சம் கொஞ்சமாக என்பதற்கு ஆலையில் இடம் இல்லை. மேலாளரின் அனுமதியுடன் நானும் செசிலியோடு ஆலையின் தொழிலாளர் அதிகாரியைப் பார்க்கப் போனேன். கடுமையானவர் அல்ல அவர். ஆனால் பொறுப்பில் இருப்பவர். "ஃபிட்டுன்னா ஃபிட்டு, அன்ஃபிட்டுன்னா அன்ஃபிட்டு. பாதி ஆளுக்குக் குடுக்க எங்கிட்ட பாதி மிஷின் இல்லம்மா" என்றார். மிஷின் ஒரு நாள் சும்மா நின்றால் அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் விளக்கினார். 

அப்போது செசிலி பேசினார். இந்த யோசனை என்னுடையது என்று பின்னர் அலுவலகத்தில் சிலர் சொல்லிக்கொண்டார்கள். அது உண்மையல்ல.

ஆலைகளில் பதிலிகள் என்று ஒரு வகையினர் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். நிரந்தரப் பணியாளர் வராத நாளில் அவர் இடத்தில் வேலை செய்பவர்கள். காலைச் சங்குக்கு முன் வாயிலில் வரிசையாக நிற்பார்கள்; டைம் கீப்பர் தேவையான அளவுக்குப் பெயர் கூப்பிடுவார்; கூப்பிடப்படாதவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். நிரந்தரப் பணியாளர் அந்த வரிசையைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போவதுதான் அங்கே அந்தஸ்து.

"நான் பதிலி வரிசையில நிக்கிறேன் சார்" என்றார் செசிலி. "என் எடத்துல இப்ப முத்துலட்சுமி போவுது. அது தெனமும் வரட்டும், நானும் தெனமும் வரேன். என்னால ஆவுற அன்னிக்கு நான் உள்ள போறேன். ஆவாத அன்னிக்கு சங்கு ஊதறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன், அது போவட்டும். மிஷின் நிக்காது. நிரந்தரம் பதிலி வரிசையில நிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கா சார்?"

 சட்டம் இல்லை, ஆனால் யாரும் நின்றதில்லை என்றார் அதிகாரி. பிறகு, ஈஸ்டர் வரைக்கும் பார்க்கலாம், ஒரு நாள் மிஷின் நின்றாலும் பேச்சு முடிந்தது, அவர் பெயரும் நிரந்தரப் பணியாளர் பட்டியலில் இருக்காது என்றார். செசிலி சரி என்றார்.

எங்கள் பங்கு சிறியது. நோய்க்காலத்தின் முதல் இரண்டு நாட்களுக்கு நாம் பணம் தருவதில்லை. விட்டு விட்டு வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு நாள் போய்விடும் என்று நம் ஜன்னலில் வழக்கமாகச் சொல்லிவந்தோம். விதியை முழுதாகப் படித்தால் அப்படி இல்லை: முந்தைய நோய்க்காலம் முடிந்து சிறிது நாட்களுக்குள் மறுபடி தொடங்கினால் அந்த இரண்டு நாளைப் பிடிக்கக் கூடாது. நம் மருத்துவர் வாரந்தோறும் அவரைப் பார்த்து, போகாத நாட்களுக்குச் சான்று தரச் சம்மதித்தார். நோயின் பெயரை இம்முறை முழுதாக எழுதினார்.

திருநீற்றுப் புதனுக்கு அடுத்த நாள் காலை செசிலி வரிசையின் கடைசியில் போய் நின்றார். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவர் முத்துலட்சுமிதான். பட்டினச்சேரிப் பெண்; கணவர் கடலுக்குப் போகிறவர். ஆலையில் கூப்பிடாத நாட்களில் ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பார். செசிலியின் இடம் அவருக்கு இரண்டு மாதமாக நாள் தவறாத கூலியாக இருந்தது.

"எனக்கு ஆத்திரமான ஆத்திரம்" என்றார் முத்துலட்சுமி. "பெர்மனென்ட் மகாராணி எங்க வரிசைக்கு வந்திருக்கு, எங்க சோத்துல மண்ணப் போடவான்னு கேட்டுட்டேன். அது கோவப்படல. 'ஆவாத அன்னிக்கு உனக்குச் சொல்லத்தான் நிக்கிறேன்'னுச்சு. 'நீ எப்ப சொல்லுவ, நான் எப்ப ஏலத்துக்குப் போறது? இங்க வந்து நின்னு நீ உள்ள போயிட்டா எனக்கு மீனும் இல்ல கூலியும் இல்ல'ன்னேன்.  அது தலையக் குனிஞ்சிக்கிச்சு."

பதில் மறுநாள் வந்தது. ஏலம் தொடங்குமுன் செசிலி பட்டினச்சேரிக்கே நடந்து போய், கரையில் நின்ற முத்துலட்சுமியிடம், இன்று நான் போகிறேன், நீ மீன் எடு என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து ஆலைப் பக்கம் போகும் பேருந்தைப் பிடித்தார். காலையில் கண் விழிப்பதே பயமாக இருந்த பெண், இன்னொருத்தியின் கூலிக்காக அதற்கும் முன்னதாக எழத் தொடங்கினார். இப்படித் தவக்காலம் முழுவதும். வாரத்தில் இரண்டு நாளில் தொடங்கி, மூன்று, நான்கு நாட்கள் அவர் உள்ளே போனார்.

ஆனால் ஒன்று அவரால் முடியவில்லை. போகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. முடியவில்லை என்று சொல்ல வரவில்லை. அந்த நாட்களில் அவர் கரைக்கு வந்து ஒன்றும் பேசாமல் நிற்பார். முத்துலட்சுமி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிக்கா, புரியுது. நீ வூட்டுக்குப் போ, நான் மில்லுக்குப் போறேன்" என்று கூடையைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்புவார். வாயிலில் டைம் கீப்பரிடமும் அவரே ஏதோ சொல்லிச் சமாளித்தார். "இன்னிக்கு அதுக்குக் காய்ச்சல்னு சொல்லுவேன், வயித்துவலின்னு சொல்லுவேன். ஒருநா காமாலைன்னும் சொல்லிட்டேன்" என்றார் என்னிடம், வெட்கமில்லாமல். இதைக் கேட்டபோது எனக்குக் கவலையாக இருந்தது. செசிலியின் வேலை இப்போது முத்துலட்சுமியின் கண்ணை நம்பி நின்றது. அந்தத் துணை இல்லாத நாளில், முன்பு செய்ததுபோல் யாரிடமும் சொல்லாமல் அவர் வீட்டிலேயே இருந்துவிட்டால் மிஷின் நிற்கும். ஒரு நாள் போதும்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் செசிலி இறுதிச் சான்றுடன் வந்தார். புதுச்சேரி மருத்துவரும் நம் மருத்துவரும் தகுதி என்று எழுதியிருந்தார்கள். தவக்காலத்தில் மிஷின் ஒரு நாளும் நிற்கவில்லை என்பதைத் தொழிலாளர் அதிகாரி ஒப்புக்கொண்டார். இனி பதிலி வரிசையில் நிற்க வேண்டாம், நிரந்தரமாகவே உள்ளே போகலாம் என்று சொல்லிவிட்டு, சொல்லாமல் ஒரு நாள் நின்றுவிட்டால் மட்டும் பழைய பேச்சுதான் என்றும் சேர்த்துக்கொண்டார். முத்துலட்சுமி வரிசைக்குத் திரும்பினார். இனி அவரை எந்த மிஷினுக்கும் கூப்பிடலாம், கூப்பிடாமலும் விடலாம். மேலாளர் அன்று எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார். செசிலியின் தாய் ஒரு தூக்குவாளியில் வஞ்சிர மீன் குழம்பு கொண்டுவந்திருந்தார், உப்பும் புளியும் தாராளமாக. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

முடிந்தது என்ற சொல்லை இந்த ஜன்னலில் எச்சரிக்கையாகப் பயன்படுத்துங்கள். மன நோயில் தகுதி என்பது ஒரே நாளில் கடந்துவிடும் வாயில் அல்ல. நலமான ஒருவர் திரும்பவும் நம் முன் வந்தால் அதைத் தோல்வியாக எண்ணிவிடாதீர்கள். வராமல் மறைந்துபோவதைத்தான் நாம் அஞ்ச வேண்டும்.

நிரந்தரமாகத் திரும்பிய முதல் நாளை செசிலி முழுதாக வேலை செய்து முடித்தார். மறுநாள் காலை கண் விழித்தபோது நெஞ்சு பழையபடி அடித்தது. அவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு ஆலைக்குப் போனார். சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. வாயிலுக்குள் நுழையாமல், பதிலிகள் வரிசையில் கடைசியாக நின்ற முத்துலட்சுமியின் கையைப் பிடித்து டைம் கீப்பரின் மேசைக்கு அழைத்துப் போனார். முத்துலட்சுமி வழக்கம்போல், அக்காவுக்குக் காய்ச்சல் என்று தொடங்கினார். செசிலி அவரை நிறுத்தினார்.

"காய்ச்சல் இல்ல. மனசு சரியில்ல, அதுக்கு மாத்திரை சாப்பிடுறேன். இன்னிக்கு என்னால முடியல. என் எடத்துக்கு இதக் கூப்பிட்டுக்குங்க. நாளைக்கு எப்படின்னு நானே வந்து சொல்றேன்."

பிறகு நம் மருந்தகத்துக்குப் போனார். நான் ஜன்னலைத் திறந்தபோது, புதிய சான்றுடன் வரிசையில் முதல் ஆளாக நின்றிருந்தார்.